நூர்ஜஹான் கடை ஏஜென்ட்டின் கணக்கு

மே 19, திங்கள்

காலையிலேயே வெக்கை. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. பிரஷர் மாத்திரை போட்டாயிற்று.

முருகேசன் ஆபீஸ். கீழே அவர் அப்பாவின் எண்ணெய்க் கடை, மாடியில் கம்ப்யூட்டர்கள். எங்கும் பிண்ணாக்கு வாசனை. அவர்கள் செய்த டூலுக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதுவது என் வேலை. புரிந்த வரை: சிறு கடைகளுக்காகச் சரக்கு தேடி ஆர்டர் போடும் ஏ.ஐ. ஏஜென்ட்டுகள் வந்துவிட்டன. ஆளுக்கு இருப்பது போல அவற்றுக்கும் மொத்த வியாபாரியிடம் வாடிக்கையாளர் கணக்கு வேண்டும். அதைத் திறந்து கொடுப்பது இந்த டூல். ஏஜென்ட் ஆர்டர் போட்டால் உரிமையாளர் போனுக்குச் சம்மதம் கேட்டு வரும். ஒரு மணி நேரத்துக்குள் அமுக்காவிட்டால் ரத்து.

ஏஜென்ட்டை ‘அவர்’ என்பதா, ‘அது’ என்பதா?

மு.: “அதுன்னே போடுங்க சார். கோவிச்சுக்காது.”

பாலிடெக்னிக்கில் லேப் மேனுவல் எழுதிய கை. இருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கிறதா, புரிந்ததாக நினைக்கிறேனா?

20, செவ்வாய்

திருச்சுழி பஸ். ஜன்னலோரம் அனல். குறிப்பை நூர்ஜஹான் கடையில் சோதனை. பள்ளிச் சீருடை தைத்து விற்கும் கடை. என் வழக்கம்: படிப்பவர் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்வது. அவர் தயங்கும் இடத்தில் குறிப்பு தப்பு.

எங்கும் தயங்கவில்லை. ‘உரிமையாளர் போன் எண்’ என்ற இடத்தில் மளமளவென்று ஒரு சவூதி எண். கணவருக்கு வேலை அங்கே.

“கடையை நடத்துவது நீங்கள்தானே?”

“நான் பாத்துக்கிறேன் சார். கடை அவுக பேர்லதான. கரண்டு பில்லு, பேங்கு, எல்லாம் அவுகதான்.”

கேட்டதே என் விதிக்கு மாறு. மேலே கேட்கவில்லை. கணக்குத் திறந்தது. மு.வுக்கு ‘சரியாக வேலை செய்கிறது’ என்று மெசேஜ்.

22, வியாழன்

காலையில் நூர்ஜஹான் போன். அடக்கிய கோபம். மதுரை மொத்தக் கடையில் சீருடைக்கான நீலத் துணி வந்ததும் ஏஜென்ட் ஆர்டர் போட்டிருக்கிறது. சம்மதம் கேட்டது கணவர் போனை. அவர் ஷிப்டில், போன் லாக்கரில். ரத்து. மறுமுறையும் அப்படியே.

“சனிக்கெழமைக்குள்ள துணி ஏறலைன்னா ஸ்கூல்ல ஆர்டர காரியாபட்டிக்காரவுகளுக்குக் குடுத்துருவாக சார். மெசினெல்லாம் சும்மா கெடக்கு.”

நேரில் போய் எடுக்கலாமே என்றேன்.

“நான் மதுரைக்குப் போனா கடைய யாரு பாப்பா? அதுக்குத்தான இந்தக் கருமத்த வாங்குனேன்?”

இந்தப் பக்கம் பல கடைகள் இப்படித்தான். பேரும் நம்பரும் வெளிநாட்டில், கல்லாவில் பெண். ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்ற டூலில் வழி இல்லை. இதைச் சொல்ல நான் யார்?

ஆபீஸ் படி ஏறினேன். பாதியில் இறங்கினேன். கீழே நின்றதற்குக் காரணம் வேண்டுமே என்று அரை லிட்டர் கடலை எண்ணெய். மறுபடி ஏறினேன்.

மு.: “நம்பர மாத்த விட்டா, எவனாவது மாத்திட்டு லோடு லோடா அள்ளிட்டுப் போவான் சார். ‘போன் எண்ணைச் சரிபார்க்கவும்’னு ஒரு வரி போடுங்க, போதும்.”

அதுவும் நியாயம். ஆனால் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நூர்ஜஹான் எண்ணைச் சரிபார்த்துத்தானே போட்டார்? கடைசியில் வாய் திறந்தேன். பழைய எண்காரரே சம்மதித்தால் மாற்றலாம் இல்லையா, தம்பி?

நாற்காலியைத் திருப்பினார். “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்?”

எண்ணெயை அங்கேயே மறந்து வந்தேன்.

23, வெள்ளி

டூலில் வழி செய்துவிட்டார்கள். இனி கணவர் சம்மதிக்க வேண்டும். நூர்ஜஹான் கேட்க மாட்டாராம்.

“நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா கடையப் புடுங்கிக்கிட்ட மாதிரி இருக்கும்.”

கணவருக்கு நான் குரல் மெசேஜ். பேசி அழித்து, பேசி அழித்து. அனுப்பிய பிறகும் யோசனை. அதிகப்பிரசங்கித்தனமோ?

மாலை பதில் வந்தது. கேட்கப் பயந்து, முகம் கழுவிவிட்டுக் கேட்டேன்.

“சார், அந்த ஏஜென்ட்டு நேரங்காலம் இல்லாம சம்மதமா சம்மதமான்னு கேக்குது. கட்டுனவ கூட இவ்வளவு கேட்டதில்ல. நீலமா பச்சையான்னு எனக்கு என்ன தெரியும்? அவ நம்பரப் போட்டு என்னைய ஆளவிடுங்க.”

மூன்று முறை கேட்டேன். சிரிப்புதான், கோபம் இல்லை.

24, சனி

திருச்சுழி. காற்றில் புழுதி. மறுபடி பக்கத்தில், வாய் திறக்காமல். சவூதி எண்ணை அழித்துத் தன் எண். கணவர் அங்கிருந்து சம்மதம் அமுக்கிவிட்டார். அடுத்து, உரிமையாளர் பெயர். விரல் நின்றது. முதல் தயக்கம். ‘நூர்ஜஹான்’ என்று தட்டினார்.

“சார், பேரு மட்டும் போதுமா? முன்னால அவுக இனிஷியல் போடணுமா?”

குறிப்பில் அது இல்லை.

“போதும்” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் போனுக்கே வந்தது. நீலத் துணி, சம்மதமா? ஒரு பிள்ளைக்குப் பாவாடை அளந்துகொண்டிருந்தவர், டேப்பைக் கழுத்தில் போட்டுவிட்டு அமுக்கினார். மாலை மதுரையில் பார்சல் பஸ்ஸில் ஏறிவிட்டதாம்.

திரும்பும் பஸ்ஸில் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: பெயர் மட்டும் போதும். மு.விடம் கேட்கவில்லை.