மாப்பிள்ளை அழித்த டயர் புரோகிராம்

1988 ஜூன் 6, திங்கள்
வெயில். மதியம் வரை கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் ரூமில் நானும் கொசுவும்.
முதலாளியின் மாப்பிள்ளை மெட்ராஸிலிருந்து வந்துவிட்டார். லாரி ஆபீசுக்கு இத்தனை புரோகிராம் எதற்காம். இருப்பவை: சம்பளம், டீசல், டிரிப், டயர், கணக்கு. ஒன்றில் போட்ட லாரி நம்பரை மற்றதிலும் திரும்பப் போட வேண்டும். வெட்டி வேலைதான். சம்பளத்தையும் டிரிப்பையும் சேர்த்துவிடலாம் என்று நானே சொன்னேன். காதில் வாங்கவில்லை. கணக்கு மட்டும் போதுமாம்.

ஜூன் 8, புதன்
டயர் புரோகிராமை அழித்தாயிற்று. நான் எழுதியது. எந்த டயர் எந்த லாரியில், எது தேய்ந்தபின் புதுப் பட்டை ஒட்டி ரீசோல் போட்டது, எல்லாம் அதில். முன் சக்கரத்தில் ரீசோல் ஆபத்து; கேட்டால் டயர் கொடுக்கும் சீட்டே கம்ப்யூட்டரில் வராது.
"டயர்ங்கிறது ஒரு செலவு. கணக்குல ஒரு வரி போதும்." மாப்பிள்ளை இப்படிச் சொல்லிவிட்டு என் பிளாப்பியையே துடைத்து, அதில் கணக்கை ஏற்றிக்கொண்டார்.
சோப்பு வாங்க மறந்தேன்.

ஜூன் 14, செவ்வாய்
ரீசோல் கடையிலிருந்து வந்த டயரும் இப்போது கணக்கில் வெறும் 'டயர் வரவு'. புதுசு, பழசு என்ற பிரிவு கிடையாது. டிரைவர் அந்தோணி அண்ணன் லாரிக்கு முன் டயர் கேட்டிருந்தார்கள். சீட்டு வந்தது.
ஃபிட்டர் ராசு வாசலில். "ஏனுங்க அம்மிணி, இது ரீசோலுங்க. முன்னால மாட்டச் சொல்லுதே?"
மாப்பிள்ளையிடம் ஓடினேன். "கம்ப்யூட்டர் சொன்னபடி மாட்டச் சொல்லும்மா. ஆளாளுக்கு யோசிச்சா எப்படி?"
மாட்டினார்கள்.

ஜூன் 17, வெள்ளி
அயோத்தியாப்பட்டணம் தாண்டி லாரி புளியமரத்தில். முன் டயர் வெடிப்பு. அந்தோணி அண்ணனுக்குக் கை முறிவு. உயிர் தப்பியது.
ராசு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ரீசோல் பட்டை தனியா உரிஞ்சு ரோட்டுல கெடக்குதுங்க."
மாப்பிள்ளை: "தூங்கியிருப்பான்." அவ்வளவுதான், அண்ணனுக்கு வேலை போயிற்று. அயோக்கியத்தனம். பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

ஜூன் 20, திங்கள்
தூறல். முதலாளியே ரூமுக்கு வந்தார், செருப்பைக் கழற்றாமல். "அந்த டயர் புரோகிராமை மறுபடி போட்டுக் குடு சாமி. வெளிய பேச வேண்டாம்."
ஆக, டயர்தான் காரணம் என்று தெரிந்திருக்கிறது!
"போடறேனுங்க. அந்தோணி அண்ணன் தூங்கலைன்னு டிரைவருங்க முன்னால நீங்க சொல்லோணும். அவரு வேலைக்கு வரட்டும். அன்னைக்கு நானும் வாரேனுங்க."
கம்ப்யூட்டருக்கு உறை போட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.