பேச்சு திரும்பிய பத்து நிமிடம்

அனுப்புநர்:
பேருந்து நிலைய அறிவிப்பாளர் (மருத்துவ விடுப்பில்),
ஊழியர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: மூளையில் பொருத்திய தூண்டுகருவியின் மின் அளவை மாற்றவும், விழுங்கும் திறனைச் சோதிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நடுக்குவாத நோய்க்காகச் சென்ற ஆண்டு தங்கள் மருத்துவமனையில் எனக்கு ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சை நடந்தது. கை நடுக்கம் நின்றது. சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன். இம்மனுவும் என் கைப்பட எழுதியதே. அந்த நன்றியை மறக்கவில்லை.

2. ஆனால் மூன்று மாதத்துக்கு முன் கருவியின் மின் அளவைக் கூட்டியதிலிருந்து நாக்குக் குழறுகிறது. பத்தொன்பது ஆண்டுகள் ஒலிபெருக்கியில் பேருந்து நேரம் சொன்னவன் நான். இன்று பால்கடைக்காரருக்கே என் பேச்சு புரிவதில்லை. தங்கள் சீட்டுப் பதிவிடத்தில் முறையிடப் போனபோது எழுத்தர், "குடிச்சிட்டு வந்தா சீட்டு தர மாட்டோம்" என்றார். குடிக்கவில்லை என்று சொல்லப் பார்த்தேன். அதுவும் குழறியது.

3. சாப்பாடு அதைவிடப் பயம். சென்ற வாரம் தண்ணீர் புரையேறி மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடிவந்து குனியவைத்து முதுகில் தட்டினார். அன்று முதல் என் மனைவி தையல் ஆலைக்குப் போவதில்லை. நான் விழுங்கி முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்து நிற்கிறாள். அவளை வேலைக்கு அனுப்புவதற்காக, பசியில்லை என்று இரண்டு நாள் மதியம் பட்டினி கிடந்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.

4. கடந்த திங்களன்று பணியிலிருந்த இளம் மருத்துவர் இரக்கப்பட்டு அளவைச் சற்றே குறைத்துப் பார்த்தார். கை நடுங்கத் தொடங்கியது. ஆனால் வார்த்தை வந்தது. மனைவியிடம், "நீ சாப்பிட்டியா?" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பத்து நிமிடம் விடாமல் பேசினேன். பிறகு அந்த இளம் மருத்துவர், மூத்த மருத்துவர் உத்தரவின்றி இப்படியே விட முடியாது என்று வருந்தி, பழைய அளவுக்கே கூட்டினார். மூத்த மருத்துவரைப் பார்க்க எனக்குக் கிடைத்த தேதி நான்கு மாதம் தள்ளி இருக்கிறது. என் மருத்துவக் குறிப்பேட்டில், 'நடுக்கம் இல்லை, முன்னேற்றம் நன்று' என்று மட்டுமே உள்ளது.

5. ஐயா, நான்கு மாதம் என்றால் முந்நூற்று அறுபது வேளைச் சாப்பாடு. எனவே இவ்வாரமே விழுங்கும் சோதனை செய்து, பேச்சுப் பயிற்சியாளரையும் உடன் வைத்துக்கொண்டு அளவை மாற்ற ஆணையிடுமாறு வேண்டுகிறேன். கை ஓரளவு நடுங்கினால் நடுங்கட்டும். எவ்வளவு தாங்குவேன் என்பதை என்னிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நான் சொல்லி முடிக்க நேரமாகும். அதுவரை மருத்துவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

இடம்: வெளிநோயாளர் கூடம்
நாள்: இருபத்தொன்றாம் தேதி, வியாழன்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நிலைய அறிவிப்பாளர்