சீயக்காய் நுரை

1909 மார்ச் 8, திங்கள்

எங்கள் வெள்ளைக்காரத் துரை இன்று சிங்கப்பூரிலிருந்து சீமைக்குக் கப்பல் ஏறினார். ஆறு மாத விடுப்பு. சரக்குக் கிட்டங்கியில் இத்தனை பேர் இருக்க, தன் நாயைப் பார்த்துக்கொள்ள என்னைத்தான் பிடித்தார். "மருதப்பன், தினமும் முடியைச் சீவு. நான் வரும்போது இதே மாதிரி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கணக்கெழுதும் உன் கிராணி வேலை இருக்காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் அப்படிச் சிரித்தபோதெல்லாம் யாருக்காவது வேலை போயிருக்கிறது.

வெள்ளை நாய். கண் எது, மூக்கு எது என்று முடிக்குள் தேடவேண்டும். துரை வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. பூவம்மா பார்த்தவுடனே "பஞ்சு" என்றாள். அதுவும் வாலை ஆட்டிவிட்டது. என் பெண்டாட்டிக்கு எதற்கும் பெயர் வைக்க அரை நிமிடம் போதும்.

சீவு, சீவு என்றாரே தவிர, எதை வைத்துச் சீவுவது? கூடையும் சங்கிலியும் மட்டும்தான் தந்தார்.

மார்ச் 10, புதன்

பக்கத்துக் கடை அப்துல் முத்தலிப் மரைக்காயரிடம் போனேன். கயிறு, லாடம், குதிரைச் சாமான் எல்லாம் விற்கிறவர். மூன்றை எடுத்துப் போட்டார். மெத்தென்ற பிரஷ் ஒன்று, அகலப் பல் வைத்த கொம்புச் சீப்பு ஒன்று, குதிரை தேய்க்கிற இரும்புச் சுரண்டி ஒன்று. பிரஷ்ஷும் சீப்பும் போதும் என்றார். பிரஷ்ஷைப் பார்த்தால் கோட்டுத் தூசி தட்டுகிற மாதிரி இருந்தது. நான் சுரண்டியை எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, நாய் குதிரை இல்ல."

"முடி முடிதானே மரைக்காயரே!"

"உம் இஷ்டம். ஆனா அந்த நாயை என் கடைப்படி ஏத்தாதே. ஈர மூக்கு பட்டா எங்க மார்க்கப்படி ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு கரைச்சு. இந்த வயசுல என்னால ஆகாதுப்பா."

இருவரும் சிரித்தோம்.

மார்ச் 12, வெள்ளி

காதுக்குப் பின்னால் முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது. சுரண்டியைப் போட்டு இழுத்தேன். வரவில்லை. இன்னும் ஓங்கி இழுத்தேன். முடியோடு தோலும் வந்தது. பஞ்சு என் கட்டைவிரலைக் கவ்விவிட்டது.

கண் மண் தெரியாமல் போய்விட்டது எனக்கு. இடுப்பு வாரைக் கழற்றி அடித்தேன். அது கத்தக் கத்த அடித்தேன். பூவம்மா வந்து வாரைப் பிடித்தாள்.

"என் முடிய நீங்க இப்படி இழுத்தா நானும்தான் கடிப்பேன்!"

அவள்மேலும் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். அவள் நகரவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாய் கட்டிலுக்கு அடியில். விரல் விண்விண்ணென்று தெறிக்கிறது.

மார்ச் 14, ஞாயிறு

பிரஷ்ஷையும் கொம்புச் சீப்பையும் வாங்கிவந்தேன். மரைக்காயர் காசை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

பூவம்மா மடியில் போட்டுக்கொண்டு செய்தாள். அடிமுடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. சிக்கை முதலில் விரலால் பிரிக்கவேண்டும். பிரியாத கட்டியைக் கத்தரிக்கோலால் நறுக்கவேண்டும். நுனியிலிருந்து மெல்ல மெல்ல மேலே. பஞ்சு தூங்கியே விட்டது.

நான் பிரஷ்ஷைத் தூக்கியதும் எழுந்து சுவரோடு ஒடுங்கியது. என் கையைப் பார்த்தாலே நடுங்குகிறது. நாய்க்கு என்ன, மறந்துவிடும் என்கிறாள் பூவம்மா. மறக்குமா?

சுரண்டியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டேன்.

மார்ச் 17, புதன்

மாட்டுக் கொட்டில் பக்கம் ஒருவனை வெறிநாய் கடித்து, தண்ணீரைக் கண்டாலே அலறி, நேற்றுச் செத்தானாம். சிராங்கூன் சாலை முழுக்க இதே பேச்சு. எருமைக் கொட்டில் சேதுபதி வண்டிக் கட்டையால் இரண்டு தெருநாய்களை அடித்துக் கொன்றான். ஒன்றை வாலைப் பிடித்து எங்கள் வாசல் வழியாகவே இழுத்துப்போனான். தெருச் சடக்கில் கோடு போட்ட மாதிரி ரத்தம்.

"கிராணி, உங்க வெள்ளை மூட்டையைக் கட்டிவை லா. அடுத்தது அதுதான்."

கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

மார்ச் 20, சனி

எழுதிவிட வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். பூவம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டபோது, பஞ்சுவுக்கும் ஒரு முழுக்குப் போட்டால் என்ன என்று தோன்றியது. உண்ணி போகும், முடி மினுக்கும், என்மேல் இருக்கிற பயமும் கொஞ்சம் போகும். நமக்கு ஆகிறது அதற்கு ஆகாதா? நல்லெண்ணெய் தேய்த்தேன். பேசாமல் நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சங்கிலியையும் அவிழ்த்துவிட்டேன். பிறகு சீயக்காய். நுரை வரட்டும் என்று பூந்திக்கொட்டைப் பொடியும் கலந்து, தலையோடு தேய்த்தேன்.

தலையோடு. முட்டாள். முட்டாள்.

கண்ணில் போய்விட்டது. ஒரே அலறல். முகத்தை நக்கியது, நக்க நக்க வாயெல்லாம் நுரை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, திறந்த கதவு வழியே தெருவுக்கு ஓடிவிட்டது.

"வெறிநாய்! வெறிநாய்!"

நான் எண்ணெய் வழிய, கோவணத்தோடு ஓடினேன். ஓடும்போது ஆணியில் இருந்த சுரண்டி எப்படிக் கைக்கு வந்ததோ தெரியாது. "சீயக்காய்டா! டேய், வெறும் சீயக்காய்!" யார் கேட்டார்கள்? எண்ணெய்க் கால் வழுக்கி விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே பார்த்தேன். சேதுபதியின் முதல் அடி பின்னங்காலில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது முகத்தில். கண்ணோடு.

மூன்றாவதுக்குக் கட்டையை ஓங்கினான். அப்போது கடையிலிருந்து மரைக்காயர் பாய்ந்து வந்தார். கல்லாவைத் தாண்டி, வெள்ளைச் சட்டையோடு வந்து, பஞ்சுவின்மேல் குப்புற விழுந்தார். அடி அவர் வலது கையில் இறங்கியது.

அதற்குமேல் நான் மனிதனாக இல்லை. சேதுபதி முகத்தில் சுரண்டியால் கிழித்தேன். கன்னம் பிளந்தது. கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்து அடித்தேன். அவன் ஆட்கள் என்னை உதைத்தார்கள். பல்லால்கூடக் கடித்தேன் என்று நினைக்கிறேன். "தள்ளுங்க, நாயை முடிக்கணும்!" என்று ஒருவன் கத்தினான்.

நான் ஊர்ந்துபோய், பஞ்சு வாயிலிருந்த நுரையை விரலால் வழித்து, எல்லோரும் பார்க்க என் நாக்கில் வைத்து விழுங்கினேன். கசப்பு. "பாருங்கடா! வெறின்னா நானும் சாவேன்லடா!"

கூட்டம் நாயை விட்டு, என்னைக் கண்டு பின்வாங்கியது.

மார்ச் 21, ஞாயிறு

மரைக்காயர் கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியாயிற்று. நேற்று அந்தக் கட்டுப் போடுமுன்பே அவர் கேட்டது தண்ணீரும் மண்ணும்தான். சட்டையெல்லாம் நாயின் எச்சில், ரத்தம். கிணற்றடியில் உட்கார்ந்தார். அவரால் வாளியைத் தூக்க முடியாது. நான்தான் ஊற்றினேன். முதல் வாளியில் மண் கரைத்து, பிறகு ஆறு.

"எண்ணி ஊத்து தம்பி. கோவத்துல தப்பா எண்ணிடாதே."

அழுதுவிட்டேன். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பஞ்சு சாகவில்லை. பூவம்மா துணியால் பால் பிழிந்து ஊட்டுகிறாள். இடது கண் போய்விட்டது. என் சோற்றைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஏப்ரல் 2, வெள்ளி

நான் எப்போது குரைப்பேன் என்று தெருவே காத்துக்கொண்டிருக்கிறது. நான் தண்ணீர் குடித்தால் கூட்டம் கூடுகிறது.

ஏப்ரல் 5, திங்கள்

கால்வாய் ஓரத்தில் சேதுபதியும் அவன் தம்பிகளும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு பல் போச்சு. அவன் கன்னத்தில் தையல் இன்னும் ஆறவில்லை. திருப்பி அடிக்காமல் எழுந்துவந்துவிட்டேன்.

மே 16, ஞாயிறு

மரைக்காயர் கைக்கட்டை அவிழ்த்தார்கள். முழங்கை நிமிரவில்லை. இனி நிமிராதாம்.

"எடை போட இடது கை இருக்குல்ல" என்றார்.

செப்டம்பர் 6, திங்கள்

துரை வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கண், மூன்று கால் நடை. கேட்டுவிட்டுச் சிரித்தார். "கண் போன நாய் எனக்கு எதற்கு? நாளைக்குக் கொண்டு வா. ஒரு தோட்டா போதும்."

பூவம்மா இரவு சாப்பிடவில்லை. பஞ்சுவைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 7, செவ்வாய்

தனியாகத்தான் போனேன். "செத்துடுச்சு துரை. புதைச்சுட்டேன்."

"யாரைக் கேட்டுப் புதைத்தாய்?"

பிரம்பால் முகத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று. கிட்டங்கியே பார்த்தது. என் கை எழும்பியது. எழும்பிய கையை மறு கையால் பிடித்துக்கொண்டேன். நான் அடித்தால் ஜெயில். போலீஸ் வீட்டுக்கு வந்தால் பஞ்சு அங்கே இருக்கும். மூன்றாவது அடியையும் வாங்கிக்கொண்டேன்.

வேலை போய்விட்டது.

செப்டம்பர் 25, சனி

மரைக்காயர் கடையில் இரண்டு வாரமாக இருக்கிறேன். லாட மூட்டை தூக்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது.

இன்று கடைக்குப் பின்னால் பஞ்சுவைக் குளிப்பாட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பயத்தமாவு, அதுவும் கழுத்துக்குக் கீழேதான். முகத்துக்கு ஈரத் துணி. மரைக்காயர் எட்ட ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கையால் அதிகாரம் பண்ணினார். "அது இல்ல, மெத்துனு இருக்கே, அதை எடு. குருட்டுக் கண்ணு பக்கமா போகாதே, பயந்துக்கும். மொதல்ல மோந்து பாக்கக் குடு."

பிரஷ்ஷை மோந்து பார்க்கக் கொடுத்தேன். பிறகு தூக்கினேன். பஞ்சு ஒடுங்கவில்லை. நான் சீவி முடிக்கும்வரை நின்றது. எழுந்து பூவம்மாவைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். அவள் ஏற்கெனவே எங்கள் வீட்டுப் பின்கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு அது ஈரத்தோடு நொண்டி நொண்டி மரைக்காயரிடம் போய், அந்த நிமிராத கையை நக்கியது.

"மருதப்பா," என்றார், "ஏழு வாளி எடுத்து வை."

கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.