ஸ்டெல்லா அனுப்பின அஞ்சு கிலோ

பிப். 17, செவ்வாய்

காலையில செம பனி. ஸ்டேஷன் பக்கம் ஹாரன் சத்தம் மட்டும் கேக்குது, ரயில காணோம்.

ஏழு மணிக்கே பார்சல் ஆபீஸ்லேர்ந்து போனு. "அம்மா, ஒங்க பேருக்கு ஒரு பெட்டி வந்திருக்குது. சீக்கிரம் வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. ஆபீஸு பூரா சென்ட்டு வாசன, எறும்பு வேற வருது."

நான் எதுவும் ஆர்டர் போடல. வூட்டுக்காரரும் போடலன்னாரு. அவருக்குப் போடவும் தெரியாது.

போயிப் பாத்தா ஓட்ட போட்ட பெரிய அட்டைப்பெட்டி. உள்ள சின்னச் சின்ன டப்பாவா ஸ்ட்ராபெரி. அஞ்சு கிலோ இருக்கும். ரெண்டு பாட்டிலு தேனு. ஒரு துண்டுச் சீட்டு.

"எங்க தோட்டத்துப் பழம், எங்க பெட்டித் தேன். பழம் ரெண்டு நாள்தான் தாங்கும். சர்க்கரை வேணாம், தேன்ல ஜாம் காய்ச்சுங்க. ஸ்டெல்லா, கொடைக்கானல்."

ஸ்டெல்லா. என் தம்பி இளங்கோவோட பொண்டாட்டி. இதுவரைக்கும் நேர்ல பாத்ததில்ல. போட்டோகூட கேட்டதில்ல.

மூணு வருஷம் முன்னாடி ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்லேர்ந்து இளங்கோ போனு பண்ணான். "அக்கா, கல்யாணம் முடிஞ்சிடிச்சி, ஒங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்"னான். எனக்குத் தம்பியே இல்லன்னு சொல்லிட்டு வெச்சேன். அதோட சரி. அம்மா போனப்ப அவனுக்கு ஒம்போது வயசு. தலை சீவி, சோறு கட்டி, ஸ்கூலுக்கு அனுப்பினவ நான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேன்னு கோவம். சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணுங்கறது ஊருக்குச் சொன்ன காரணம். நெசம் மொதல்ல எழுதினதுதான். இத யாரும் படிக்கப் போறதில்லன்னு எழுதறேன்.

பெட்டிய ஆட்டோவுல போட்டு வூட்டுல எறக்கிட்டு வேலைக்கி அரைமணி லேட்டு. சூப்பர்வைசர் மொறைச்சாரு. கையில வாசன போகவே இல்ல.

பிப். 18, புதன்

வெயிலு ஏறிடிச்சி. பழம் இப்பவே ஓரத்துல கொழகொழன்னு.

குடுத்தது: மாடி வூடு 2 டப்பா, ராணி 2, பால்காரரு 1 (அவரு மோந்து பாத்துட்டு "இது சாப்புடறதாம்மா?"ன்னாரு).

ராணி எங்க பீங்கான் யூனிட்ல எனக்குப் பக்கத்துல நிக்கறவ. நான் ஜாடிய பளபளப்புக்கு கிளேஸ் கொழம்புல முக்கி எடுப்பேன், அவ அடியத் தொடைப்பா. பதினோரு வருஷமா ஒண்ணா நிக்கறோம், அவகிட்ட எதுவும் மறைக்க முடியாது. ஸ்டெல்லா கதைய சொன்னேன். காச்சலாமா, அப்பிடியே யாருக்காச்சும் குடுத்துடலாமான்னு கேட்டேன்.

"வேணாம்னா பார்சல் ஆபீஸ்லியே திருப்பி அனுப்பியிருப்ப. வாங்கிக்கிட்டு வந்துட்ட இல்ல? அப்பறம் என்னா, காச்சு."

சாயங்காலம் காச்சினேன். யூடியூப்ல எல்லாரும் கிலோவுக்கு முக்கா கிலோ சக்கர கொட்டறாங்க. தேனுக்கு ஒருத்தியும் சரியா சொல்லல. குக்கர்ல ஒரு கிலோ பழம், அர பாட்டிலு தேனு, மூணு விசிலு.

தெறந்தா ரசம். செவப்பு ரசம். ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சும் கெட்டியாகல, அடி புடிச்சதுதான் மிச்சம்.

அவரு தோசையில ஊத்திக்கிட்டு, "நல்லாத்தான் இருக்குது வசந்தா. தம்ளர்ல குடு, குடிச்சிடறேன்"ன்னாரு. மூணு தோச அதே ரசத்துலதான் போச்சி.

மீதி பழம் ரெண்டு கிலோ. ஃப்ரிட்ஜ்ல. நாளைக்கி மேல தாங்காது.

பிப். 19, வியாழன்

டீ டைம்ல பார்சல் சீட்ட எடுத்துப் பாத்தேன். அனுப்பினவங்க நம்பரு கீழயே இருக்குது. பத்து தடவ பாத்தேன். ராணி போன புடுங்கி அழுத்திட்டு என் கையில குடுத்துட்டா. படுபாவி.

"ஹலோ?"

"நான் விருத்தாசலத்துலேர்ந்து பேசறேன். வசந்தா."

அப்பறம், "மதினி!"ன்னு ஒரு கத்து. எங்க பக்கம் அண்ணின்னுவோம். அவங்க ஊருல மதினியாம். கேக்க நல்லாத்தான் இருக்குது.

"ஜாம் கெட்டியாகல"ன்னேன். மூணு வருஷத்துக்கு அப்பறம் நான் பேசின மொத வார்த்த அதான்.

"எதுல காச்சுனீங்க மதினி?"

"குக்கர்ல."

சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சிட்டேன். அவ சொன்னத கிளேஸ் கையோட அட்டையில எழுதிக்கிட்டேன், இங்க எடுத்து வெக்கறேன்:

- காம்போட கழுவணும், அப்பறம்தான் காம்பு கிள்ளணும். இல்லன்னா பழம் தண்ணி குடிச்சிடும். (நான் தலைகீழா பண்ணியிருக்கேன்.)
- அகலமான சட்டி. மூடக் கூடாது. தண்ணி வேணாம்.
- பழம் பாதி வத்தினப்பறம் தேனு. கிலோவுக்குக் கால் கிலோ, கொஞ்சம் மேல. அப்பறம் கிண்டிக்கிட்டே இருக்கணும்.
- எலுமிச்ச ஒண்ணு. ஆப்பிள் ஒண்ணு துருவி. அதான் கெட்டியாக்கும்.
- ஃப்ரிட்ஜ்ல வெச்ச தட்டுல ஒரு சொட்டு வுட்டு வெரலால கோடு போடணும். கோடு மூடாம நின்னா பதம்.
- சக்கர ஜாம் மாதிரி மாசக்கணக்குல தாங்காது. ஃப்ரிட்ஜ், மூணு வாரம்.

பேசறப்ப அவளுக்கு மூச்சு வாங்குது. "ஒடம்பு சரியில்லியா?"ன்னு கேட்டேன்.

"ஏழு மாசம் மதினி."

ராணி பக்கத்துல நின்னு என்னா என்னான்னு சைகை காட்டறா.

"இளங்கோ சொல்லவே இல்லியே"ன்னேன். எப்பிடி சொல்லுவான், கேக்கறேன் பாரு.

"அவருக்கு நான் பழம் அனுப்பினதே தெரியாது. அனுப்பட்டான்னு ஒரு தடவ கேட்டேன், வேணாம்னுட்டாரு. சொல்லிப்புடாதீங்க." அப்பறம் கொரல தாழ்த்தி, "அன்னிக்கு நீங்க போன வெச்சப்ப நான் பக்கத்துலதான் நின்னேன் மதினி. எனக்குக் கோவம் இல்ல. எங்க அண்ணனும் அப்பிடித்தான் பேசுச்சு. இப்ப அதுதான் தெனம் மாங்கா வாங்கிட்டு வருது."

டீ ஆறிப் போச்சி. குடிக்காமயே வேலைக்கிப் போயிட்டேன். ரெண்டு ஜாடிய தலைகீழா முக்கினேன்.

பிப். 20, வெள்ளி

லீவு சொல்லிட்டேன். காரணம்: வவுத்துவலி. (பொய்.)

நேத்து ராத்திரியே ஒதுக்கி வெச்சதுல நல்ல பழம் ஒண்ணரை கிலோதான் தேறிச்சி. ஆப்பிள் வாங்க மறந்துட்டேன். கொல்லையில கொய்யா இருக்குது, பாதி பழுத்தது நாலு பறிச்சி வேக வெச்சி, கையால பெசஞ்சி, துணியில வடிகட்டி அந்தச் சாற ஊத்தினேன். கொய்யா ஜெல்லி கெட்டியாத்தான நிக்குது, இதுக்கு மட்டும் நிக்காதா? நானா யோசிச்சது.

அகலமான இட்லி சட்டி. பொங்கிப் பொங்கி வந்துச்சி, நொரைய எடுத்து எடுத்து கிண்ணத்துல போட்டேன். முக்கா மணி நேரம். கை கடுக்குது. தட்டுல சொட்டு வுட்டேன், கோடு மூடிக்கிச்சி. மறுபடி கிண்டி, மறுபடி சொட்டு, மறுபடி மூடிக்கிச்சி. நாலாவது தடவ கோடு நின்னுச்சி.

நின்னுச்சி!

வூட்டுல யாருமே இல்ல, யாருகிட்ட காட்டறது? வாசலுக்கு ஓடிப் போயி மாடி வூட்டு சாரு மேலேர்ந்து தலைய நீட்டிப் பாத்தாரேன்னு அவருகிட்ட தட்டக் காட்டினேன்.

"சக்கர போடலியா? அப்ப நான் சாப்புடலாம்"னு எறங்கி வந்துட்டாரு. பின்னாடியே அவரு சம்சாரம். "தேனும் சக்கரதாங்க. டாக்டரு சொன்னது மறந்து போச்சா? ஸ்பூன கீழ வைங்க." வெச்சாரு. நக்கிட்டுத்தான் வெச்சாரு.

எங்க யூனிட்ல கழிச்சி வெச்ச செகண்ட்ஸ் ஜாடி மூணு கழுவிக் காய வெச்சிருந்தேன். லேசா கோணலு, அவ்வளவுதான், வேற கொற இல்ல. ஊறுகா ஜாடிக்கி போடற கிளேஸு, சாப்பாட்டுக்கு ஆகும். பொம்மைக்கு அடிக்கற கலரு ஆகாது. சூடா ஊத்தினேன், மொத ஜாடி 'டிக்'னு வெடிச்சிடிச்சி. பதினோரு வருஷம் பீங்கான்ல வேல செஞ்சி இது தெரியல பாரு. மத்த ரெண்டையும் வெந்நீர்ல வெச்சி சூடாக்கிட்டு ஊத்தினேன். ரெண்டு ஜாடி நெறைய.

அவரு ராத்திரி சப்பாத்தியோட சாப்ட்டு, "கடையில வாங்கினதா?"ன்னாரு. இதவிட பெருசா அவருக்குப் பாராட்டத் தெரியாது.

பிப். 22, ஞாயிறு

பெரிய கோயிலுக்கு மாசி மகக் கூட்டம் இப்பவே ஆரம்பிச்சிடிச்சி. கடைத்தெருவுல நடக்க எடமில்ல.

ஒரு ஜாடிய வைக்கோலு சுத்தி, யூனிட்ல கட்டற மாதிரியே கட்டினேன். ஜில்லுன்னு வெச்சி எடுத்ததுதான், ஒரு நாளு தாங்கும். பார்சல் ஆபீஸ்ல அதே ஆளு. "இதுலயும் எறும்பு வருமா?"

யாருக்குன்னு எழுதற எடத்துல பேனா நின்னுடிச்சி. ஸ்டெல்லான்னு எழுதினா அவ ஒளிச்சி வெச்சி சாப்புடணும். ஏழு மாசப் புள்ளத்தாச்சி எதுக்கு எனக்காவ திருடியாட்டம் இருக்கணும்? வர்றது எம்மேல வரட்டும்.

இளங்கோவன், கொடைக்கானல்னு எழுதினேன். அனுப்புநர் எடத்துல 'அக்கா'ன்னு போட்டேன். ஆளு ஒத்துக்கல, பேரு வேணுமாம்.

பிப். 24, செவ்வாய்

ஒரு தகவலும் இல்ல. நேத்தே போயிருக்கணும்.

ஸ்டெல்லா நம்பரு சுவிட்ச் ஆஃப். நேத்து மூணு தடவ, இன்னிக்கு எட்டு.

சண்ட வந்திருக்கும். என்னாலதான். அந்தப் பொண்ணு சொல்லிப்புடாதீங்கன்னு கெஞ்சிச்சி, நான் பெரிய இவளாட்டம் பேரு எழுதினேன். மூணு வருஷமும் இதே கதைதான், நானா ஒண்ண முடிவு பண்ணிட்டு அடுத்தவங்க தலையில போடறது.

சாம்பாருல உப்பு ரெண்டு தடவ. அவரு தயிரு ஊத்திக்கிட்டாரு.

பிப். 25, புதன்

பதினொன்ற மணிக்கு சூளைக்கு ஜாடி அடுக்கிக்கிட்டிருந்தோம். புது நம்பர்லேர்ந்து போனு. எடுத்தா யாரும் பேசல. மூச்சு மட்டும். எனக்குத் தெரிஞ்சிடிச்சி.

"இளங்கோ."

"ம்."

"சாப்ட்டியா?"

"காலி பண்ணியாச்சி. அவ அண்ணன் பாதி, நான் பாதி." அப்பறம், "அதுல என்னா போட்ட? வேற ஒரு ருசி வருது. இவ போடறதுல அது இல்ல."

"கொய்யா."

"அதான பாத்தேன்."

ஸ்டெல்லா எங்கன்னு கேட்டேன். போனு தண்ணித் தொட்டியில வுழுந்துடிச்சாம், அதான் ஆஃப்பு. ரெண்டு நாளா நான் செத்துப் பொழச்சது இதுக்குத்தான்.

அப்பறம் அவன் கேட்டான். "மூணு வருஷமா ஒங்கிட்ட போனு இல்லியாக்கா?"

"இருந்துச்சி. தைரியந்தான் இல்ல."

"நான் ரெண்டு தீவாளிக்கி பண்ணேன். நீ எடுக்கல."

"தெரியும். மணி அடிச்சி முடியற வரைக்கும் கையிலதான் வெச்சிருந்தேன். நான் அன்னிக்கு சொன்னது தப்புடா. நீ கேக்காம பண்ணிட்டன்னு கோவம், அத வேற மாதிரி காட்டிட்டேன்."

மூக்க உறிஞ்சற சத்தம். சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு சளி சீக்கிரம் புடிக்கும்னு நெனச்சிக்கிட்டேன்.

"ஞாயித்துக்கெழம வளகாப்பு. ஸ்டெல்லா கேக்கறா, மதினி வருவாங்களான்னு."

"அவ கேக்கறா. நீ?"

"வாக்கா. சும்மா கேள்வி கேட்டுக்கிட்டு."

சூப்பர்வைசர் வந்து "என்னாம்மா அழுவற, கையில கீறிடிச்சா?"ன்னு கேட்டாரு. ராணி, "ஆமா சாரு, அவளுக்கு நாலு நாளு லீவு குடுங்க"ன்னுட்டா.

பிப். 27, வெள்ளி

வாங்கினது: கண்ணாடி வளையலு பச்ச, செவப்பு ரெண்டு டஜன் (அளவு தெரியல, பெருசாவே எடுத்தேன்). பொடவ அரக்கு. பூவு அங்கயே கெடைக்குமாம். புளியோதர, எலுமிச்ச சாதத்துக்கு இங்கேர்ந்து பொடி. குளுருக்கு சொட்டரு இல்ல, ராணி மவளுது கடன். எனக்குக் கையே நொழையல.

ரயிலு காலையில அஞ்சர. கொடை ரோட்டுல எறங்கி பஸ்ஸு. ஒண்ணரைக்கு நல்ல நேரம், பன்னெண்டுக்கே போயிடலாம்னு அவரு கணக்குப் போட்டிருக்காரு.

மார்ச் 1, ஞாயிறு. கொடைக்கானல்

குளுரு. பேனாவே ஓட மாட்டேங்குது. நாலே வரி எழுதிட்டு கீழ போவணும்.

அவரு கணக்கு தப்பு. ரயிலு ஒரு மணி நேரம் லேட்டு, மலையேறற ரோட்டுல டூரிஸ்ட்டு வண்டி வரிசையா நிக்குது. பஸ்ஸு நகரல. மணி ரெண்டு ஆச்சி, மூணு ஆச்சி. சிக்னலும் இல்ல. நல்ல நேரம் போயிடிச்சி, வளையலு போட்டு முடிச்சி பந்தியும் முடிஞ்சிருக்கும்னு நெனச்சி, ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து அழுதுக்கிட்டே வந்தேன். அவரு கர்ச்சீப்ப நீட்டிட்டு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டாரு.

போயிச் சேந்தப்ப மூணே முக்கால். வாசல் பூரா செருப்பு. உள்ள அம்பது பேரு, பாயில வரிசையா. நடுவுல நாற்காலியில பச்சப் பொடவையோட ஸ்டெல்லா. ரெண்டு கையிலயும் ஒரு வளையலு இல்ல. தட்டுல வளையலு அப்பிடியே அடுக்கின மேனிக்கி இருக்குது.

இளங்கோ தொடங்கவே வுடலியாம். பாதிரியாரு ஜெபம் பண்ணிட்டு ரெண்டு தடவ கேட்டாராம். அவன் மாமியாரு கேட்டாங்களாம். "எங்க அக்கா மொதல்ல போடணும், அவங்க வர்றாங்க"ன்னு சொல்லிட்டு, ரோட்டுக்கும் வூட்டுக்கும் நடந்துக்கிட்டே இருந்தானாம்.

நான் வாசப்படியில கால வெச்சதும் ஸ்டெல்லா ரெண்டு கையையும் நீட்டினா. சமையக்கட்டுலேர்ந்து யாரோ ஒரு அம்மா தொண்ட கிழியக் கத்திச்சி:

"வந்துட்டாங்கப்பா! எலையப் போடுங்க!"