எதிர்ச்சுவரில் நம் ஜன்னல்

அன்புச் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை குண்டு மூவரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று இந்தத் தடவை நம்பியே எழுதுகிறேன். காலையில் போனில் டிக்கெட்டை ரத்து பண்ணு, வராதே என்று நான் சொன்னதும், நேற்றுவரை வா வா என்று உயிரை வாங்கிவிட்டு இன்றைக்கு என்ன வந்தது உனக்கு என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் குண்டைத் தூங்கவைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, அப்பாவின் குறட்டை இங்கே வரைக்கும் கேட்கிறது.

எதிர்க் கட்டிடம் முடிந்துவிட்டது. நீ போன லீவுக்கு வந்தபோது பச்சை வலை போட்டு மூடியிருந்தார்களே, அதுதான். வலையைப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது. பழைய தெரு, அதன் முகம் மாறக்கூடாது, யார் புதிதாகக் கட்டினாலும் அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று மாநகராட்சியின் நிபந்தனையாம். தெருவிலேயே கை படாத முகப்பு எது என்று தேடி நம் வீட்டைப் பிடித்து, அதையே எதிரில் நகலெடுத்துவிட்டார்கள். இருபது வருஷமாக ஒரு ஆணிகூட அடிக்காத சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு மரியாதையா என்று உன் அப்பாவைக் கேட்டேன், இதுக்காகத்தானே காத்துக்கிட்டிருந்தேன் என்கிறார். அதே சாம்பல் வண்ணம், வாசலுக்கு மேல் அதே வளைவு. உன் அறை ஜன்னல் கதவு கீல் இறுகிப்போய்ப் பாதியில் நிற்குமே, அதைக்கூட அப்படியே பாதியில் நிற்கவைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று நிமிர்ந்தால் நம் வீடே எதிரில் நின்று நம்மைப் பார்க்கிறது. வெளியே மூன்று வரிசை ஜன்னல், உள்ளே ஐந்து மாடி. வரிசையும் தளமும் எப்படிப் பொருந்தும்? சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஒரே ஜன்னலில் மேல்பாதியில் யாருடைய கால்களோ நடக்கின்றன, கீழ்பாதியில் வேறு யாருடைய தலையோ நகர்கிறது. குண்டு விழுந்து விழுந்து சிரித்தாள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதுகூடப் பரவாயில்லை. உன் அறை ஜன்னல் வரவேண்டிய இடத்துக்குப் பின்னால் லிஃப்ட் போகும் சுவர். அங்கே ஓட்டை போட முடியாது, விட்டால் வரிசை மொட்டையாகத் தெரியும் என்று, நம் ஜன்னலை எடுத்த போட்டோவையே பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். அந்த ஜன்னலில் ஒருத்தி நிற்கிறாள், சின்னு. திரைக்கு அரையடி பின்னால், முகம் பாதி இருட்டில், நீ விட்டுப்போன அந்த நீலக் கோடு போட்ட சட்டையில், வலது கையில் வெள்ளையாக ஒரு கைக்குட்டையோடு. முதலில் பார்த்தது தையல்கடைக்காரர்தான். பொண்ணு வந்திருக்காளா, கூப்பிட்டாலும் திரும்பமாட்டேங்குறாளே என்று என்னிடம் கேட்டார். அவர் கைகாட்டிய பக்கம் பார்த்துவிட்டுக் காய்கறிப் பையோடு நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன், ஆமா, நம்ம சின்னு மாதிரித்தான் இருக்கு, போட்டோதானே, இதுக்குப் போயா என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. நீ இங்கே இருந்தபோது எனக்குத் தெரியாமல் அழுதுகொண்டு நின்ற படம் என்றுதான் நினைத்தேன். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் சுவரில் ஒட்டிவைப்பதா என்றும் இருந்தது. படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று நீ சொல்வாய், ஆனால் அந்த வாரமே உனக்குக் காய்ச்சல் வந்ததா இல்லையா? அன்றிலிருந்துதான் நாளைக்கு நாலு போன், வந்துவிடு வந்துவிடு என்று. குண்டு வேறு தினமும் படுக்கப் போகுமுன் எதிர்ப்பக்கம் கையாட்டிவிட்டுத்தான் வருவாள். ஒருநாள் கேட்டாள்: “அக்கா ஏம்மா உள்ளயே வரமாட்டேங்குறா? நம்ம மேல கோவமா?” அன்றைக்கு நான் போனில் அழுத அழுகையில்தான் நீயும் கடைசி வருஷத்தை இங்கேயே வந்து படிக்கிறேன், மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாய். வயிற்றில் பால் வார்த்தாய் என்று இருந்தது.

நீ சனிக்கிழமை வந்து இறங்குமுன் அதை எடுக்கச் சொல்லிவிடலாம் என்று நேற்று அந்தக் கட்டிடக்காரர்கள் ஆபீசுக்குப் போனேன். வரைபடம் போடும் பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், நல்ல மாதிரி, உடனே கம்ப்யூட்டரில் மூலப் போட்டோவைத் திறந்தாள். ஓரத்தில் தேதி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ முதல்முறையாகப் படிக்கக் கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை. படம் எடுத்தது அதற்கடுத்த புதன்கிழமை. தேதி தப்பாக இருக்கும் என்றேன். தப்பாகாது மேடம், அன்றைக்கு ஒரே நாளில்தான் தெரு முழுக்க எடுத்தோம் என்றாள். ஊரைவிட்டுப் போய் மூன்று நாள் ஆன பிள்ளை எப்படி அங்கே நிற்பாள்? அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ஜன்னல் கதவு பக்கத்து ஜன்னலோடு சேரவேண்டும் என்று அச்சிடும்போது படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள், மூலப்படத்தில் அந்த வெள்ளை இடது கையில் இருந்தது. அது கைக்குட்டை இல்லை, கட்டு. நீ கிளம்பிய அன்று காலையில் வெந்நீரை இடது கையில் கொட்டிக்கொண்டேனே, ரயிலுக்கு நேரமாச்சு என்று திட்டிக்கொண்டே நீ சுற்றிவிட்ட கட்டு. அந்தப் பெண் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது நீங்கதான் மேடம்.”

பத்தொன்பதில் உன்னைப் பெற்று, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பட்டம் வாங்கியவள் நான். கடைத்தெருவில் அக்கா தங்கையா என்று கேட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துபோனவள். என் முகமே எனக்குத் தெரியவில்லை பார். நீ போன பிறகு சாயங்காலமானால் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு உன் அறையில் போய் நிற்பேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. படம் எடுத்தவன் எதிரே, இப்போது கட்டிடம் இருக்கும் இடத்தில்தான் நின்றிருக்கிறான். நான் அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஆனால் அங்கே ஒரு மனிதன் நின்றதாகவே எனக்கு நினைவில்லை. நேற்றுச் சாயங்காலமும் பழக்கத்தில் மேலே போய்விட்டேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், இரண்டு பேரும் நடுவில் இல்லாத ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பார்வை எனக்கே பொறுக்கவில்லை. இரண்டு வருஷமாக இதை முதுகில் சுமந்துகொண்டா அங்கே படித்தாய்?

அதனால்தான் வராதே என்றேன். வியாழக்கிழமைக்குள் காலேஜ் ஆபீசில் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடு. தரமாட்டோம் என்றால் அம்மா சொன்னாள் என்று சொல், அவர்களும் அம்மா வயிற்றில் பிறந்தவர்கள்தானே. காய்ச்சல் விட்டாலும் உடம்பில் அசதி இருக்கும், ராத்திரி கண்விழித்துப் படிக்காதே. உன் சட்டையைத் துவைத்து மடித்துவைத்திருக்கிறேன், லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள். எதிர்ச்சுவரில் இழுத்து மூடிய திரையாக வேறு படம் ஒட்டிவிடுவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், ஆள் வர நாலு நாள் ஆகுமாம். நம் ஜன்னலின் கீலுக்கு அப்பா இன்றைக்கு எண்ணெய் விட்டார், இருபது வருஷத்தில் முதல் வேலை. கதவை நானே சாத்தினேன். குண்டு எதிர்ப்பக்கம் காட்டி, அவ இன்னும் தூங்கலையேம்மா என்றாள். தூங்கிடுவா, நீ வா என்று கூட்டிவந்தேன்.

நீ நினைத்ததெல்லாம் படித்து முடித்து, நிமிர்ந்த தலையோடு நூறாண்டு இரு. அப்பா ஆசி சொல்லச் சொன்னார், குண்டு முத்தம் தரச் சொன்னாள். இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பண்ணுகிறேன். மற்ற நாளில் நான் கூப்பிட்டால் எடுக்காதே.

இப்படிக்கு,
ஜன்னலைச் சாத்திவிட்டு வந்த
உன் அம்மா