ஒழுகுகிற வண்டியில் பட்டு ஏறாது

நம் லாரியின் பம்பைத் திருகி டீசல் அதிகம் அடிக்கும்படி செய்தோம், ஒழுகியது. நடந்தது அவ்வளவுதான், சாமி. ஆனாலும் உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வந்து நிற்பது அந்த ஒழுகல்தான்.

இன்று காலை ஓரிக்கைப் பாலத்தின் மேல் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். வழி நெடுகச் சொட்டிக்கொண்டே போனது. கண்ணாடியை ஏற்றிய பிறகும் டீசல் வாசனை காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. "ஹாரன் அடிச்சு தாண்டிடட்டுமா அண்ணே?" என்றான் டிரைவர். "வேணாம்பா, பின்னாடியே போ" என்றேன். எனக்கு என்ன ஆயிற்று என்று கண்ணாடியில் பார்த்தான். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

நான் முசரவாக்கத்தில் அரிசி மூட்டை தூக்கியவன். பிறகு அதே அரிசியை வாங்கி விற்று மேலே வந்தவன். நீங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலில் பாசுரம் சொல்லும் வீட்டுப் பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கோஷ்டியில் போய் நிற்க, நீங்கள் மட்டும் கனரக வாகன லைசென்ஸ் எடுத்து வந்தீர்கள். ஆளுக்குப் பாதி போட்டு நாம் ஒரு பழைய லாரி வாங்கியபோது என் மண்டி ஆட்கள் சிரித்தார்கள். "சாமி ஓட்ற வண்டியில அரிசி ஏத்தறதா, பிரசாதம் ஏத்தறதா?" என்றான் ஒருவன். உங்கள் காதில் விழுந்துவிட்டது. "எதை ஏத்தினாலும் கனம் ஒண்ணுதான்யா, நீ முதல்ல தூக்கு" என்றீர்கள். அதோடு அவன் வாய் அடைத்தது.

நெற்றியில் பளிச்சென்று நாமம், கையில் ஸ்பானர். உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் என்ஜினைத் துடைப்பீர்கள். எல்லா ஷெட்டிலும் கறுத்த துணி கிடக்கும்போது இதென்ன ஆடம்பரம் என்று கேட்டேன். "அழுக்குத் துணியால துடைச்சா, புதுசா எது வழியுதுன்னு எப்படிய்யா தெரியும்?" என்றீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பேச்சு, ஷெட்டில் ஒரு பேச்சு. இரண்டும் உங்களுக்குச் சுத்தமாக வரும்.

தொண்ணூறுகளில் நாம் பெங்களூருக்கு அரிசி ஏற்றிக்கொண்டிருந்தோம். போகும்போது பாரம், வரும்போது காலி. காலி லாரியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அப்போதுதான் பிள்ளையார்பாளையத்துப் பட்டு முதலாளி பேச்சுக் கொடுத்தார். பெங்களூரில் காலை ஏலத்தில் எடுக்கும் கச்சாப் பட்டு மதியத்துக்குள் ஏறிவிட வேண்டும்; மறுநாள் காலை இங்கே தறிக்குப் பாவு ஓட்டுகிறவர்களிடம் இருக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து பட்டைப் பின்னால் ஏற்ற மாட்டார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேபினில்தான் வரும். ஒரு தடவை சரியாகக் கொண்டுவந்துவிட்டால் வருஷம் முழுக்க நமக்குத்தான் என்றார். நம் இரண்டு பேர் வாழ்க்கையும் அந்த ஒரு நடையில் மாறப்போகிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

இடைஞ்சல் ஒன்றுதான். கிருஷ்ணகிரி தாண்டி ஏற்றத்தில் நம் வண்டி எருமை மாதிரி ஏறும். போய் அரிசியை இறக்குவதற்குள் மதியம் தாண்டிவிடும். பம்பைப் பெரிதாக்கலாம் என்ற யோசனை உங்களுடையது. வழியில் ஒரு பம்பு கடையில் கழற்றி, உள்ளே பெரிய வண்டியின் சாமான் போட்டு, திருகாணியையும் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். "ராஜா மாதிரி ஏறும் பாருங்க" என்றான் கடைக்காரன். ஏறியது. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, நம்மை எப்போதும் முந்துகிறவர்களை எல்லாம் முந்தியது. நீங்கள் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊர் திரும்பி என்ஜின் மூடியைத் தூக்கினால் பம்பு நனைந்து கிடந்தது. அந்தக் காலத்து வண்டியில் என்ஜின் கேபினுக்குள்தானே. உள்ளே உட்கார்ந்தால் தலை சுற்றியது.

நம்மூரில் எது ஒழுகினாலும் வைத்தியம் ஒன்றுதான், கழிவுப் பட்டு நூல். குழாய் ஒழுகினால் அது, கிணற்று மோட்டார் ஒழுகினால் அது. சோப்பைத் தடவிச் சுற்றி இறுக்கினால் தீர்ந்தது. நெசவாளி வீட்டு மூலையில் சும்மா கிடக்கிற சாமானை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுவோம்? ஷெட் மேஸ்திரியும் அதையே செய்தார். ஒரு நட்டில் சுற்றினார். அங்கே நின்று பக்கத்தில் சொட்டியது. அங்கேயும் சுற்றினார், அடுத்ததில் சொட்டியது. கடைசியில் பம்பு சீமந்தப் பெண் மாதிரி பட்டு உடுத்திக்கொண்டு நின்றது, ஒழுகிக்கொண்டே.

முதல் பட்டு நடைக்குக் கிளம்ப வேண்டிய அன்று சாயங்காலம் முதலாளி வண்டியைப் பார்த்துவிட்டுத் தன் ஆளையும் நம்மோடு அனுப்புவதாக ஏற்பாடு. அரிசி ஏற்றியாகிவிட்டது. நான் கேபின் கதவு இரண்டையும் திறந்துவைத்து ஒரு கட்டு ஊதுவத்தியைக் கொளுத்தப் போனேன். தீப்பெட்டியைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தீர்கள்.

"டீசல் ஒழுகற இடத்துல நெருப்பா? ஏன்யா வியாபாரி, பட்டோட என்னையும் சேர்த்துக் கொளுத்திடலாம்னு பாக்கறியா?"

"வாசனை போவணும் சாமி. அவரு வந்துக்கினு இருக்காரு. இந்த ஒரு நடை போயிட்டு வந்துடலாம், அப்புறம் பாத்துக்கலாம்."

"பட்டை மோந்து பாத்து வாங்கற ஊருய்யா இது. மூட்டை பூரா டீசல் ஏறிடுச்சுன்னா அடுத்த நடை யாரு குடுப்பா?"

"போகலைன்னா மட்டும் யாரு குடுப்பா?"

நீங்கள் கத்தியை எடுத்து, சுற்றியிருந்த பட்டு நூலை எல்லாம் அறுத்து எறிந்தீர்கள். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "கோவிச்சுக்காதப்பா" என்று அவரையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக் காட்டினீர்கள். "இது தண்ணிக் குழாய் இல்ல. இங்க மரையில ஒழுகறதில்ல. குழாய் முனை உள்ள போய் உக்காந்தாத்தான் அடைக்கும். நூல் அதை உக்கார விடாது. அதோட பட்டு டீசலைக் குடிச்சு இழுத்துக்கினு போவுது. ஒரு இடத்துல ஒழுகறது வேற இடத்துல சொட்டுது."

பிறகு வேட்டித் துணியால் பம்பைக் காயக் காயத் துடைத்தீர்கள். பெட்டியிலிருந்து திருமண் கட்டியை எடுத்துப் பொடித்து, பம்பு முழுக்கத் தூவினீர்கள். நெற்றியில் இட்டுக்கொள்கிற மண்ணையா இதற்குப் போடுவது? என்ஜினை ஓடவிட்டு, நாம் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளை மேல் கறுப்பாக ஒரு கோடு மெல்ல எழுந்தது. நாம் இறுக்கிய எந்த நட்டிலும் இல்லை. அதற்கும் கீழே, பம்பின் உடம்போடு சேர்கிற இடத்தில். உள்ளே அழுத்தத்தைக் கூட்டிய கடைக்காரன் வாஷரைப் பழையதாகவே விட்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து இறங்கினார்.

"ஏமி சாமி, வண்டிக்கும் திருமண் காப்பா?" என்றார், பாதித் தெலுங்கில்.

"ஆமாங்க. வண்டியும் இனிமே எங்க ஆளு" என்றீர்கள். அடுத்த மூச்சில், "பம்பு ஒழுகுது. இந்த நடைக்கு உங்க பட்டு இதுல ஏறாது" என்றும் சொல்லிவிட்டீர்கள்.

என் வருஷ வருமானம் ரோட்டில் நடந்து போவதைப் பார்த்தபடி நின்றேன். முதலாளி கேபினுக்குள் தலையை விட்டு முகர்ந்தார். வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"புது வாஷர் போட்டா நிக்காதா?" என்று உங்களைக் கேட்டார்.

"நிக்கும். இந்த அழுத்தத்துல எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. பம்பைப் பழையபடியே பண்ணிடப் போறேன். மெதுவாத்தான் ஏறும். அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே கெளம்பறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி மூணு லாரிக்காரனுங்க கிட்ட பேசினேன்யா. மூணு வண்டியிலயும் வாசனை வந்துது. கேட்டா, ரோட்டுலேர்ந்து அடிக்குதுன்னானுங்க." பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரம் வரேன். ஏத்தலாம்னு நீங்க சொல்லுங்க, அப்பத்தான் என் மூட்டை ஏறும்."

அன்றிலிருந்து அதுதான் பேச்சு. நம் வண்டிகள் பெருகின. நீங்கள் ஸ்டியரிங்கை விட்டு ஷெட்டுக்கு வந்தீர்கள். நான் கார் வாங்கினேன். சரக்கு ஏறலாமா என்று உங்களைக் கேட்காமல் ஒரு பட்டு மூட்டையும் நகரவில்லை. நீங்கள் வேண்டாம் என்ற நாட்களில் நான் கத்தியிருக்கிறேன். காதில் வாங்காமல் துணியைப் பிழிந்துகொண்டிருப்பீர்கள். சந்தையில் நான் பார்த்த கெட்டிக்காரர்கள் எல்லாரும் சரக்கு விற்கிற கெட்டிக்காரர்கள். விற்காமல் இருக்கத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அந்தத் தைரியம் எனக்கு இன்றுவரை முழுசாக வரவில்லை, சாமி.

நீங்கள் போன பிறகும் பழைய பழக்கத்தில் பட்டு ஏறிக்கொண்டுதான் இருந்தது. போன மாதம் முதலாளியின் மகன் வந்தார். கடை இப்போது அவர் கையில். "அண்ணே, சாமி சொன்னாத்தான் ஏத்தறதுன்னு அப்பா பேசி வெச்சது. இப்ப சாமி இல்ல. இனிமே யாரு சொல்றது?" என்றார்.

நான் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். அது எனக்கே தெரியும். அதனால் வேறு ஒரு ஏற்பாட்டைச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். வண்டியை ஓட்டுகிறவன் எவனோ, ஏற்றலாம் என்று அவன்தான் சொல்ல வேண்டும். அவன் வேண்டாம் என்றால் யாரும் எனக்குப் போன் போடக்கூடாது. ஓட்டாவிட்டாலும் அன்றைய படிக்காசு அவனுக்கு உண்டு. தாமதத்துக்குப் பட்டுக் கடையில் வாடகையைப் பிடிக்கக்கூடாது. பட்டில் டீசல் வாசனை வந்தால், அந்த மூட்டையை அவர்கள் வாங்கிய விலைக்கே நான் எடுத்துக்கொள்வேன். வாடகை பழைய வாடகைதான்.