எதிர் சீட்டில் ஒருவர் கேட்கிறார்

11 ஜனவரி 2003, சனி

எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது வராத வார்த்தைகள், அவர் இறங்கிப் போன பிறகு ஏன் இத்தனை ஒழுங்காக வந்து நிற்கின்றன? இதற்கு எனக்குப் பதில் தெரியாது. இன்று வகுப்பில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்தால் அந்த வகுப்புக்கே போயிருக்க மாட்டேன்.

சமுதாயக் கல்லூரியில் 'பேச்சும் தகவல்தொடர்பும்' வகுப்பு. ஜூலையில் சேர்ந்தேன். சனிக்கிழமை மதியம் மட்டும். என்னைத் தவிர எல்லாரும் பத்தாவதில் நின்றுபோன பெண்கள், பாதிப் பேர் ஷூ கம்பெனியில் 'அப்பர்' என்கிற ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிறவர்கள். எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு நான் ஏன் அந்த பெஞ்சில் என்று அவர்களுக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. "கெசியாக்கா, இன்னாத்துக்கு வர்றீங்க? நீங்கதான் எல்லாம் படிச்சி முடிச்சிட்டீங்களே" என்று செண்பகம் இன்றும் கேட்டாள். ஆபீஸில் போகச் சொன்னார்கள் என்றேன். அது பொய்யில்லை. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிற கடிதங்களையெல்லாம் நான்தான் எழுதுகிறேன். எங்கள் சரக்கை வாங்கும் அந்த பையர்கள் ஆம்பூருக்கு நேரில் வந்தால் பேச்சு வராமல் ஃபைலைத் தேடுகிறேன். சின்ன முதலாளி இரண்டு முறை பார்த்துவிட்டார்.

ஆனால் முழு உண்மையும் அதுவல்ல.

இந்தப் பருவத்துக்குப் புதுப் பயிற்சி. ஒவ்வொருவரும் வகுப்புக்கு வெளியே ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். கொடுத்த பயிற்சியை அவரிடம் மூன்று நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். அவர் பத்துக்கு மார்க் சொல்ல வேண்டும். "வீட்டு ஆளுங்க வேணாம், அவங்க பாசத்துல போட்டுருவாங்க" என்றாள் ஆரோக்கியமேரி மிஸ். என் வயதில் பாதிதான் அவளுக்கு. எங்கள் வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

20 ஜனவரி, திங்கள்

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு இன்றுதான் வண்டியில் கூட்டம்.

கேட்டுவிட்டேன். சுந்தரமூர்த்தி சாரிடம்.

பதினேழு வருடமாக அதே பாசஞ்சர். காட்பாடியில் ஏறி ஆம்பூரில் இறங்குகிறோம். அவருக்கு அங்கே பள்ளிக்கூடம், கணக்கு வாத்தியார். பெண்கள் பெட்டியை விட்டு நான் ஏன் இந்தப் பெட்டிக்கு மாறினேன் என்று எந்தக் காலத்திலும் யாரும் கேட்டதில்லை. நல்லது. அவர் ஜன்னலோரம், நான் எதிர் ஜன்னலோரம். பேப்பரைப் பாதி பிரித்து எனக்கு நீட்டுவார். அவர் மனைவி இறந்த பத்து நாள் மட்டும் அந்த சீட் காலி.

"என்னால ஆனதா?" என்றார். "மார்க் போடறது ஒண்ணுதான் சார் நீங்க செய்யணும்" என்றேன். சிரித்தார். "முப்பத்திமூணு வருஷமா அதான செய்யிறேன் மேடம்."

முதல் பயிற்சி தன்னை அறிமுகப்படுத்துவது. பேசினேன். பக்கத்தில் ரஃபி அகமது, குடியாத்தத்து லுங்கி வியாபாரி, பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அவர்தான் முதலில்: "இன்னா சார், பாஸா ஃபெயிலா?"

சார் யோசித்துச் சொன்னார். "ஆறு. விஷயம் இருக்கு. ஆனா குரல் பூரா ஜன்னல் வழியா போய்டுச்சி. எனக்கு வரல."

ஆறு. கல்லூரியில்கூட நான் ஆறு வாங்கியதில்லை. ஏன் இத்தனை சந்தோஷம்?

29 ஜனவரி, புதன்

சாருக்குக் காய்ச்சல். மூன்றாவது நாளாக வரவில்லை. பேப்பரை முழுதாகப் படித்தேன்.

8 பிப்ரவரி, சனி

கிரேஸி அண்ணி மாடிப்படியில் நின்று கேட்டாள். "ஐம்பது வயசுல பேச்சுப் போட்டிக்குப் போறியாமே? யாருகிட்ட பேசறதுக்கு? எங்ககூட ஒரு வார்த்தை பேச மாட்ற." பதில் சொல்லவில்லை. அதனால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

இந்த வகுப்பில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. 'கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்', 'புன்னகையோடு தொடங்குங்கள்' — இதையெல்லாம் சொல்லிக் கொடுத்து ஒருவரைப் பேச வைக்க முடியும் என்றால் உலகத்தில் ஊமைக்காயமே இருந்திருக்காது. ஆனாலும் போகிறேன். திங்கட்கிழமை வண்டியில் பேச ஒன்று வேண்டுமே.

24 பிப்ரவரி, திங்கள்

நன்றியுரைப் பயிற்சி. ஏழு. ரஃபி அகமது கையைத் தட்டி, "மேடம், என் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்கதான் மைக் புடிக்கணும்" என்றார். குடியாத்தத்தில் அவர் இறங்கினார். ஷூ கம்பெனிப் பெண்கள் டிபன் டப்பாக்களோடு ஏறி நின்றார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே சார் சாதாரணமாகச் சொன்னார்.

"இந்த ஏப்ரலோட எனக்கு ஸ்கூல் முடியுது மேடம். மே கடைசில ரிட்டையர்மெண்ட். பூர்ணிமா புனேக்கு வரச் சொல்றா. ஆனிக்குள்ள அவளுக்குப் பிரசவம். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வந்துடுங்கப்பான்றா."

"நல்லதுதானே சார்" என்றேன்.

நல்லதுதானே சார்! எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு மிஸ்ஸும் இல்லாமல், ஒரு பயிற்சியும் இல்லாமல், அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது.

3 மார்ச், திங்கள்

இனி அந்த சீட்டில் யார் உட்காருவார்கள் என்று யோசித்துக்கொண்டே ஒரு இன்வாய்ஸில் நாட்டின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன்.

22 மார்ச், சனி

கடைசிப் பயிற்சி: கோரிக்கை. ஆரோக்கியமேரி மிஸ் மேசை மேல் ஏறி உட்கார்ந்து சொன்னாள். "எங்க தெருவுக்கு லைட்டு போடுங்கன்னு யாரும் பேச வேணாம். உங்களுக்கு நெசமா வேணும்னு இருக்கிறதக் கேளுங்க. குடுக்கக்கூடியவங்ககிட்டயே கேளுங்க."

செண்பகம் கையைத் தூக்கினாள். "நான் போன வாரமே கேட்டுட்டேன் மிஸ். சூப்பர்வைசர்கிட்ட. சனிக்கிழமை ஓவர்டைம் வேணாம், கிளாஸ் இருக்குன்னேன். நாக்கு ஒட்டிக்கிச்சி. அந்தாளு, சரி போன்னு சொல்லிட்டான். நான் அங்கியே நின்னுகினு இருந்தேன், இன்னாடா இவ்ளோதானான்னு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டுக்கு வரும்போது சிரிப்பு வரவில்லை. சார் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு ஆம்பூர் போவதற்குள் வியர்வையில் பாதி கரைந்திருக்கும். நான் ஞாயிறு தவறாமல் இரண்டாவது வரிசையில் பாட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறவள். அண்ணன் என்ன சொல்வார், சபையில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் என்ன சொல்வார் என்பது மட்டும் தெரியாது.

7 ஏப்ரல், திங்கள்

கோழைத்தனம். மேல்பட்டி பிளாட்பாரத்துக்குக் கூரை வேண்டும் என்று கோரிக்கை வைத்தேன். மேல்பட்டியில் நான் இறங்கியதே இல்லை.

சார் என்னையே பார்த்தார். "ஏழு. குரல் நல்லா வந்திச்சி. ஆனா இது உங்களுக்கு வேணும்னு எனக்குத் தோணல மேடம். வேணுமா?"

"இல்லை சார்."

"அப்ப வேற ஒண்ணு யோசிச்சு வாங்க. டைம் இருக்கு."

டைம் இல்லை. 25-ஆம் தேதி அவருக்குப் பள்ளியில் கடைசி நாள்.

19 ஏப்ரல், சனி

வகுப்பு இல்லை. நாளை ஈஸ்டர். நேற்று பெரிய வெள்ளி, மூன்று மணி நேர ஆராதனையில் சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வாக்கியங்களைப் பற்றிய பிரசங்கம் கேட்டேன். என் மனதில் இருந்தவை சாரிடம் சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்கள். கூட்டினேன், குறைத்தேன், அடுக்கினேன். வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

23 ஏப்ரல், புதன்

சொல்லிவிட்டேன்.

குடியாத்தத்தில் ரஃபி அகமது இறங்கினார். வளத்தூர் தாண்டியது. பெண்கள் ஏதோ சீரியல் கதையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "சார், கோரிக்கை" என்றேன். பேப்பரை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார், எப்போதும் போல.

அடுக்கி வைத்திருந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்: "நீங்க புனேக்குப் போகாதீங்க சார். எனக்கு நீங்க இருக்கணும். வண்டியில மட்டும் இல்ல. வீட்டுலயும் இருக்கணும்."

ஜன்னலைப் பார்க்காமல் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். மேல்பட்டி வந்து போனது. பிறகு —

"தெளிவா இருந்திச்சி மேடம். கடைசில மட்டும் வேகம் கொஞ்சம் ஜாஸ்தி. பத்துக்கு எட்டு."

எட்டு!

எட்டு போட்டாரே! மார்க்கா கேட்டேன் நான்? ஐம்பது வயசுல ஒரு பொம்பள வாயத் தெறந்து கேட்டா வேகம் ஜாஸ்தின்றாரே! நான்தான் அப்படிப் பழக்கினேன். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தடவையும் 'சார், பயிற்சி' என்று தொடங்கி அவரை ஒரு பரீட்சைத் தாள் திருத்துகிறவராக ஆக்கியது நான்தானே? இன்றைக்கும் 'கோரிக்கை' என்றுதானே ஆரம்பித்தேன்? அந்த ஒரு வார்த்தையை விட்டிருந்தால்? விட்டிருந்தால் வாயே திறந்திருக்காது.

ஆம்பூரில் இறங்கியதும் "வர்றேன் மேடம்" என்றார். தலையசைத்தேன்.

நாளை நான் பஸ்ஸில் போவேன். வெள்ளிக்கிழமையும். சனிக்கிழமை வகுப்பில் எட்டு என்று சொல்வேன், மிஸ் கைதட்டச் சொல்வாள். அவர் போவார். அடுத்த வாரம் மறுபடி பெண்கள் பெட்டி. இப்படித்தான் நடக்கும்.

24 ஏப்ரல், வியாழன்

இப்படி நடக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு என்று கிளம்பி ஸ்டேஷனுக்குத்தான் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பேப்பர் இல்லை. ரஃபி அகமது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா, இன்னிக்கு ஸ்பீச்சு இல்லியா? ஒரே பேஜாரா கீதே" என்றார். குடியாத்தத்தில் இறங்கிப் போனார்.

பெண்கள் ஏறினார்கள். உட்கார இடம் கேட்டார்கள். சார் எழுந்து தன் ஜன்னல் சீட்டை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பதினேழு வருடத்தில் இது முதல் தடவை. பக்கத்தில் இருந்ததால் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"நேத்து அது கிளாஸுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும்."

மடியிலிருந்த பையை நிமிர்த்தி வைத்தேன்.

"தெரிஞ்சிதான் மார்க் போட்டேன். பயந்துட்டேன் மேடம். வேற என்னா சொல்றதுன்னு தெரியல. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. ஒரு புள்ளைக்குக்கூட நான் தப்பா மார்க் போட்டது கெடையாது."

"பரவாயில்லை சார்."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க."

மேல்பட்டி. பச்சகுப்பம். எதிரில் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண் தூங்கிவிட்டாள்.

"பிரசவத்துக்குப் போய்த்தான் ஆவணும்" என்றார். "அவளுக்கு அம்மா இல்ல."

"போகணும் சார். கண்டிப்பாப் போகணும்."

பெட்டியில் ஒரே தள்ளுமுள்ளு, யாரோ என் காலை மிதித்துக்கொண்டு போனார்கள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "பூர்ணிமாகிட்ட இத நான் எப்படிச் சொல்றது?"

எப்படி. அதைத்தான் கேட்டார், சொல்லலாமா என்று அல்ல. நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். கும்பல் இறங்கியது தெரிந்தது. அது ஆம்பூர், நாங்களும் இறங்க வேண்டும் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் அவர் காலி பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

அடுத்த ஸ்டேஷன் விண்ணமங்கலத்தில் இறங்கி, ரோடு வரை நடந்து, ஆம்பூர் பஸ் பிடித்தோம். ஆபீஸுக்கு முக்கால் மணி நேரம் தாமதம். சின்ன முதலாளி காரணம் கேட்டார். ஸ்டேஷனில் இறங்க மறந்துவிட்டேன் என்றேன்.